பள்ளி விட்ட பிறகு – 7: வேன் கூலி

மதியம் மணி அடித்ததும் பள்ளி வாசலில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். சிலாங்கூரின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இது அன்றாடக் காட்சி. பள்ளியின் பெயரில் ‘தோட்டம்’ இன்னும் இருக்கிறது. ஆனால் லயங்கள் பல காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. வேனைத் தவறவிட்ட பிள்ளைக்கு வீடு போய்ச் சேர வழியில்லை. மாலையில் கோடிங் வகுப்பு நடத்த யார் கிளம்பினாலும் முதலில் முட்டி நிற்கும் இடம் இதுதான்.

கணினிக்குப் பணம் புரட்டுவதுகூட நடந்துவிடுகிறது. 2021-இல் ‘செர்டிக்’ திட்டத்துக்கு அரசு சார்ந்த நிறுவனங்கள் 15 கோடி ரிங்கிட் ஒதுக்கின. வசதி குறைந்த 150,000 மாணவர்களுக்குக் கருவியும் இணையமும் தருவது இலக்கு. நல்ல காரியம். ஆனால் கருவி கையில் இருந்தால் மட்டும் பிள்ளை கோடிங் கற்றுக்கொண்டுவிடாது.

உதாரணத்துக்கு, மைக்ரோபிட் என்றொரு சின்னக் கணினி அட்டை உண்டு, தீப்பெட்டி அளவுதான். 2016-இல் பிரிட்டனில் பிபிசி முன்னின்று சுமார் 10 லட்சம் மாணவர்களுக்கு அதை இலவசமாக வழங்கியது. பூச்சட்டி மண்ணில் இரண்டு ஆணிகளைக் குத்தி, கம்பியால் அட்டையோடு இணையுங்கள். ஈர மண்ணில் மின்சாரம் சுலபமாக ஓடும். காய்ந்த மண்ணில் தடைபடும். தண்ணீர் ஊற்றினால் அட்டை காட்டும் எண் ஏறுகிறது. செம்பனை நாற்றங்காலில் வேலை பார்க்கும் அம்மாவின் மகளுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதே இல்லை. “டீச்சர், எந்த நம்பருக்குக் கீழ போனா தண்ணி ஊத்தணும்?” என்று அவள் கேட்கும் இடத்தில் நிரலாக்கம் தொடங்கிவிடுகிறது. ஆனால் கம்பி கழன்று, ஆணி இடம் மாறி, மூன்று முறை தப்பாகி நான்காவது முறை சரியாக வர ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வேன் அவ்வளவு நேரம் நிற்காது.

அதனால் நிதி தருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பட்டியலின் முதல் வரியில் இரண்டாவது நடை வேன் கூலியை எழுதுங்கள். அடுத்து மதியச் சாப்பாடு. அதற்கடுத்து, சொல்லிக்கொடுப்பவருக்கான சம்பளம். கருவி கடைசியில் வரட்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டண உதவி கொடுத்த அனுபவம் சிலாங்கூர் மாநில அரசுக்கே இருக்கிறது. அந்தக் கை மாலை நேரம் வரைக்கும் நீண்டால் என்ன?

சொல்லிக்கொடுக்க ஆளைத் தேடி கோலாலம்பூர் போக வேண்டாம். யுனிசெல் பல்கலைக்கழகம் பெஸ்தாரி ஜெயாவிலேயே இருக்கிறது. கணினி படிக்கும் மாணவர்கள் அங்கே உண்டு. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துத்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தது. நம் வீட்டு அண்ணனும் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளின் பயம் போகும் என்று அன்றைக்கே பார்த்துவிட்டோம். ஆனால் இன்றைய மாணவருக்கும் பெட்ரோல் காசு, கைச்செலவு உண்டு. எல்லாவற்றையும் ‘தொண்டு’ என்று அவர் தலையில் கட்டக்கூடாது.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் நிதி விண்ணப்பம் எழுத உட்காரும்போது வேன் ஓட்டும் அண்ணனையும் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த முச்சந்தியில் இறங்கும், யார் வீட்டில் ஆறு மணி வரை ஆள் இருக்காது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

(தொடரும்)