அந்த ஒரு வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

முதுகில் அறுவை செய்தும் வலி விடவில்லை. மாத்திரை மாற்றி மாத்திரை போட்டாயிற்று. இப்படித் தவிப்பவரிடம் "முதுகுத் தண்டில் ஒரு கருவி வைத்தால் சரியாகும்" என்றால், எந்தப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதற்கு முன் அவரும் அவர் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இருக்கின்றன.

ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் என்ற இந்தக் கருவியை 1967-இல் அமெரிக்க மருத்துவர் நார்மன் ஷீலி முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்தினார். தண்டுவடத்தை ஒட்டி 'லீட்' என்னும் மெல்லிய கம்பிகள். தோலுக்கடியில் ஒரு பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து போகும் மின்துடிப்பு வலியுணர்வை மட்டுப்படுத்தும். வலியின் காரணத்தைக் குணப்படுத்தாது. அறுவைக்குப் பின்னும் விடாத கால்வலி, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் போன்ற நரம்பு வலிகளில் சிலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. இடுப்புவலிக்கு அப்படிச் சொல்வதற்கில்லை. போலி சிகிச்சையோடு ஒப்பிட்டால் நீடித்த பலன் அநேகமாக இல்லை என்கிறது 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு.

நிரந்தரமாகப் பதிப்பதற்கு முன் சோதனைக் கட்டம் ஒன்று உண்டு. ஊசி வழியே லீட்டை மட்டும் செருகி, வயரை முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டி, பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். சில நாள் முதல் ஒரு வாரம்வரை இது நீளும். வலி பாதியாவது குறைந்தால்தான் அடுத்த கட்டம் என்பது பொதுவான அளவுகோல். அந்த நாட்களில் எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள், எத்தனை மாத்திரை போட்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். டாக்டர் மனம் கோணக் கூடாதே என்று "பரவாயில்லை" சொல்லிவிடாதீர்கள். கருவியின் அளவைச் சரிசெய்ய வருபவர் பல இடங்களில் கம்பெனி ஆள். அவர் பேச்சை வைத்து முடிவெடுக்க வேண்டாம். சோதனை இல்லாமலே பதிக்கலாம் என்றால் வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.

லீட் இடம் நகரலாம், கிருமித் தொற்று வரலாம், மறுபடி அறுவை தேவைப்படலாம். 2016 ஜூலை முதல் 2020 ஜூலை வரை அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு இக்கருவிகள் தொடர்பான பாதிப்பு, பழுது பற்றி 1,07,728 அறிக்கைகள் வந்தன. எல்லாவற்றுக்கும் கருவிதான் காரணம் என்று அதற்குப் பொருளில்லை. ஆனாலும் சோதனைக் கட்டத்தைத் தவறவிடாதீர்கள் என்று அந்த அமைப்பே 2020-இல் மருத்துவர்களுக்கு எழுதியது. கருவி பதித்துக்கொண்டவர் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் மாடலைச் சொல்ல வேண்டும். பிசியோதெரபியில் டயதர்மி என்னும் வெப்ப சிகிச்சை வைக்கவே கூடாது. கம்பி சூடேறி உள்ளே திசு வெந்துவிடும்.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் எல்லாம் சொல்லித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. பேட்டரி எத்தனை வருஷம் வரும், மாற்ற எவ்வளவு ஆகும், இன்ஷூரன்ஸ் தருமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சீரியல் எண் உள்ள கருவி அட்டையையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதி.

கருவியால் தீங்கு நேர்ந்தால் இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம்; கட்டணமில்லா எண் 1800 180 3024. இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும், வக்கீல் கட்டாயமில்லை. எல்லாருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைமேல் மட்டும் இந்த வழியில் போக முடியாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.