விட்டு வந்தபின்னும் விடாதது

மதம் மாறியவர்களைப் பற்றி நம்மவர்கள் இரண்டே தீர்ப்புகள்தான் சொல்வார்கள். சேர்ந்த இடத்தார், "இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தான்" என்பார்கள். விட்ட இடத்தார், "குலத்தைக் கெடுத்தான்" என்பார்கள். மாறியவன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்பவர் குறைவு. அதைப் பற்றிச் சற்று யோசிக்கலாம் என்றே இதை எழுதுகிறேன்.

நான் சாந்த்ராகாச்சியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன். எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஹூக்ளிக் கரையில், தாவரவியல் பூங்காவை அடுத்து சிப்பூர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. டிப்ளமோ படித்த என் போன்றவர்களுக்கு அது கோவில் மாதிரி. ஆனால் பொறியியல் கல்லூரி அங்கே வந்தது 1880-இல்தான். அதற்கு முன் அந்த வளாகத்தில் இருந்தது, கிறிஸ்தவ குருமார்களைப் பயிற்றுவிக்க 1820-இல் தொடங்கிய பிஷப்ஸ் கல்லூரி. வங்கக் கவி மைக்கேல் மதுசூதன் தத்தர் அங்கே படித்தவர்.

1824-இல் இன்றைய வங்காளதேசத்தில் உள்ள சாகர்தாரியில் பிறந்த மதுசூதன், 1843 பிப்ரவரி 9-ஆம் தேதி கல்கத்தாவின் பழைய மிஷன் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது வயது பத்தொன்பது. சீமைக்குப் போகும் ஆசையும், பெற்றோர் பார்த்த பெண்ணை மணக்க மனமில்லாததும் காரணங்கள் என்பார்கள். தகப்பனார் ராஜ்நாராயணர் மனம் உடைந்து போனார். ஆனாலும் சில வருடங்கள் மகனின் சிப்பூர் படிப்புச் செலவை அவரே கொடுத்துவந்தார். பிறகு நிறுத்திவிட்டார்.

பணமில்லாத மதுசூதன் 1848-இல் போய்ச் சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம் மதராஸ்! அங்கே எட்டு வருடம் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தார். 1849-இல் கல்கத்தா நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்காளம் மறந்துகொண்டே வருகிறது, வங்காள மகாபாரதமும் ராமாயணமும் அனுப்பு என்று அதில் கேட்டிருந்தார். மதத்தை விட்டு ஆறு வருடம் கழித்து அவர் கேட்ட புத்தகங்கள் இவை!

1861-இல் அவர் பெயரை நிலைநிறுத்திய 'மேகநாத வத காவியம்' வந்தது. இந்திரஜித்தே அதில் நாயகன். ராதையின் விரகத்தைப் பாடும் நூலும் அதே வருடம் வெளிவந்தது. தமக்கு இந்து மதத்தில் அக்கறை இல்லை, ஆனால் முன்னோரின் புராணங்கள் மீது பெரும் காதல் உண்டு என்று நண்பர் ஒருவருக்கு வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். பிறகு பிரான்சில் வெர்சாய் நகரில் வறுமையில் வாடியபோது, வித்யாசாகர் பணம் அனுப்பிக் காப்பாற்றினார். அங்கிருந்து அவர் எழுதிய பதினான்கு வரிக் கவிதைகளில் ஆசுவின மாதமும் விஜயதசமியும் வருகின்றன. துர்கா பூஜை நாளில் வங்காளி வீடுகள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பனி விழும் தேசத்தில் இருந்தவருக்கு அது எப்படி நினைவு வந்திருக்கும்!

அதற்காக அவர் தாய்மதத்துக்குத் திரும்பிவிடவில்லை. கிறிஸ்தவராகவே 1873 ஜூன் 29-ஆம் தேதி காலமானார். தேவாலயத்தோடு ஒட்டாமல் வாழ்ந்தவரை அடக்கம் செய்யச் சபைத் தரப்பில் தயக்கம் எழுந்தது. ஒரு பாதிரியார் துணிந்து முன்வந்தபின், மறுநாள் லோயர் சர்க்குலர் ரோடு கல்லறையில் அடக்கம் நடந்தது. கல்லறைக்காக அவரே எழுதி வைத்திருந்த வரிகளில் சொந்த ஊரின் பெயர் இருக்கிறது. தகப்பனார் பெயரும், தாயார் ஜானவியின் பெயரும் இருக்கின்றன.

சாந்த்ராகாச்சி யார்டுக்குச் சென்னையிலிருந்து வரும் தெற்கு ரயில்வே பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தடத்தில் ஓடினாலும், எந்த எஞ்சின் இழுத்தாலும், சொந்த ரயில்வேயின் எழுத்து பக்கவாட்டில் இருக்கும். மனிதர்களும் அப்படித்தானோ என்று தோன்றுகிறது.

இது ஒரு மதத்துக்கோ ஒரு தேசத்துக்கோ உரியதல்ல. 1830-இல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய மார்மன் சபையின் ஊழியர்கள் 1851-இல் கல்கத்தாவுக்கும் 1853-இல் மதராஸுக்கும் வந்தார்கள். சில வருடங்களில் திரும்பிவிட்டார்கள். அந்தச் சபையில் காப்பி, டீ, மது, புகையிலை கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. தொடக்ககாலத் தலைவர்களின் பலதார மணம் பற்றி முழுதும் சொல்லவில்லை என்ற கோபத்தில் விலகியவர்கள் உண்டு. அவர்களே, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சபையார் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அன்பு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றும் ஏங்குகிறார்கள். இன்னொரு வேதனையும் உண்டு. அவர்களுடைய கோவிலுக்குள் நடக்கும் திருமணத்தைத் தகுதி பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே பார்க்கலாம். சபையை விட்ட தாய், பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்கு வெளியே காத்திருக்க வேண்டும்.

நம் அப்பர் சுவாமிகளின் வரலாறு நினைவுக்கு வருகிறது. சைவத்தை விட்டுச் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தவர். சூலை நோயோடு அவர் திரும்பி வந்தபோது, தமக்கையார் திலகவதியார் வழக்குப் பேசவில்லை. திருநீறு கொடுத்து அழைத்துப் போனார் என்கிறது பெரிய புராணம். அப்பர் திரும்பி வந்தார். திரும்பி வராதவர்களுக்கும் ஒரு திலகவதியார் வேண்டாமா?

என்னோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் கண்டிப்பான பெந்தெகொஸ்தே குடும்பம். நகை கிடையாது, சினிமா கிடையாது. மகன் முப்பது வயதில் சபையை விட்டுவிட்டான். தகப்பனார் ஆறு வருடம் பேசவில்லை. ஒருநாள் பையன் என்னிடம் சொன்னான்: "அங்கிள், பிரசங்கம் எனக்கு வேண்டாம். ஆனா அம்மா பாடுற பாட்டு காதுலயே நிக்குது. சபைக்குப் போனா திரும்பி வந்துட்டான்னு சாட்சி சொல்லச் சொல்வாங்க. போகலன்னா கல்நெஞ்சக்காரன்னு சொல்வாங்க. சும்மா வந்து உட்கார ஒரு இடம் இல்ல அங்கிள்."

தாயாருக்கு முழங்கால் வலி வந்தபின், ஞாயிறுதோறும் அவன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். பாட்டு முடியும்வரை வாசலிலேயே நிற்பான். சில வாரம் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனார், ஒருநாள் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வெளியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் உட்கார்ந்தான்.

நம் சங்கத்தில் எல்லா மதத்துத் தமிழர்களும் இருக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் நம் நம்பிக்கையை விட்டுப் போவார்கள். அதில் நமக்கு வருத்தம் இருக்கலாம், தவறில்லை. ஆனால் அவர்கள் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெருநாளுக்கோ வீட்டுக்கு வந்தால், "மனசு மாறிவிட்டாயா?" என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.