அரசுக்காக வழக்குப் போடும் தனிமனிதர்

2013 மே மாதம் இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டது. இமாசலத்தின் பாவண்டா சாகிப், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் ஆலைகளில் தயாரான தரக்குறைவான மருந்துகளை அமெரிக்காவில் விற்றது, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பொய்த் தகவல் கொடுத்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். அபராதமும் இழப்பீடுமாக நிறுவனம் கட்டச் சம்மதித்தது 50 கோடி டாலர். அதில் சுமார் 4.86 கோடி டாலர், தகவல் கொடுத்த முன்னாள் அதிகாரி தினேஷ் தாக்கூருக்குப் போனது.

பார்த்தால் லாட்டரி போலத் தெரியும். ஆனால் 2005இல் வேலையை விட்டுவிட்டுப் புனைபெயரில் புகார் எழுதத் தொடங்கியவருக்குப் பணம் வந்து சேர எட்டு ஆண்டுகள் ஆயின. 2007இல் மேரிலாந்து நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு, கடைசிவரை சீலிட்ட உறைக்குள்ளேயே இருந்தது.

இதற்கு வழி செய்தது அமெரிக்காவின் பொய்க் கோரிக்கைகள் சட்டம். உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு மட்டமான சரக்கை விற்றுக் கொழுத்த ஒப்பந்ததாரர்களைப் பிடிக்க, லிங்கன் காலத்தில், 1863இல் வந்தது. அரசு ஏமாந்ததை அறிந்த எவரும் அரசின் சார்பிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதுதான் இதன் உயிர்நாடி. மனு ரகசியமாகத் தாக்கலாகும். அரசின் நீதித் துறை விசாரிக்க 60 நாள் அவகாசம். நடைமுறையில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். பிறகு வழக்கை அரசு தன் கையில் எடுத்தால், மீட்கும் தொகையில் 15 முதல் 25 விழுக்காடு தகவல் கொடுத்தவருக்கு. அரசு ஒதுங்கிக்கொண்டு அவரே நடத்தி ஜெயித்தால் 25 முதல் 30 வரை. ஏமாற்றியவரிடம் வசூலிப்பது நஷ்டத்தைப் போல மும்மடங்கு என்பதால், பங்கு கொடுத்தும் கருவூலத்துக்கு இழப்பில்லை.

புகார் சொன்னதற்காக வேலையை விட்டுத் துரத்தினால், அதே பதவியையும் நிலுவைச் சம்பளத்தை இரட்டிப்பாகவும் கேட்டுப் பெறலாம். 1986இல் சட்டத்தைத் திருத்தியபோது சேர்த்த பாதுகாப்பு இது. மோசடியில் தானும் பங்கேற்றுக் குற்றவாளியாகத் தீர்ப்பானவருக்குப் பங்கு கிடையாது. வரி ஏய்ப்பும் இந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்கு அமெரிக்க வருமான வரித் துறையின் தனித் திட்டம் உண்டு. அந்தத் திட்டம் சற்று தாராளம்! யுபிஎஸ் வங்கியின் ரகசியங்களைச் சொன்ன பிராட்லி பிர்கன்ஃபெல்டு சிறைக்கும் போனார், 2012இல் 10.4 கோடி டாலரும் வாங்கினார்.

பரிசைவிட, வழக்குத் தொடுக்கும் அந்த உரிமைதான் பெரிது என்பது என் கணிப்பு. அரசு அசட்டையாக இருந்தாலும் கோப்பு தூங்காது. இந்தியாவில் மனு கொடுக்கலாம், அதற்குமேல் பிடி இல்லை. நெடுஞ்சாலைத் திட்ட ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையொட்டி எழுந்த கோரிக்கைகளுக்குப் பின் 2014இல் தகவல் கொடுப்போருக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வரும் தேதியைத்தான் அறிவிக்கவில்லை. உள்தகவல் வணிகம் பற்றித் துப்புக் கொடுத்தால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி வெகுமதி தருகிறது, கறுப்புப் பணத்துக்கு வருமான வரித் துறை தருகிறது. ஆனால் அரசுக்கு மட்டமான மருந்தோ சிமென்டோ விற்றவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற பொதுவான பங்கு இங்கே இல்லை. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டின் ஓட்டைகளைப் பற்றி 2016இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன தாக்கூரின் மனுக்களும் விசாரணைக்கே ஏற்கப்படவில்லை.

அமெரிக்கச் சட்டத்துக்கும் இப்போது சோதனை. அரசு நியமிக்காத ஒருவர் அரசின் அதிகாரத்தைக் கையில் எடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2024 செப்டம்பரில் ஃபுளோரிடா மாவட்ட நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர்களில் அமெரிக்க அரசும் உண்டு.