உஷார்! கினி பிக் தீனியைத் தொடவில்லையா? நாளைக்கு என்று தள்ளாதீர்கள்

காலையில் போட்ட புல் மாலை வரை அப்படியே கிடக்கிறதா? கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே 'வீக் வீக்' என்று கத்துகிற கினி பிக், முடியைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குந்தியிருக்கிறதா? இதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு மறுநாள் தானாக எழுந்து வரும். கினி பிக் அப்படி வராது. 12 மணி நேரம் வயிற்றுக்கு எதுவும் போகவில்லை என்றாலே ஆபத்து தொடங்கிவிட்டது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் நல்ல மருத்துவர் கையிலும் மீட்பது கடினம். "ஒண்ணும் ஆகாது தம்பி, ரெண்டு நாள் விட்டுப் பாரு" என்று விற்ற கடைக்காரர் சொல்லுவார். அந்த இரண்டு நாள்தான் இந்தப் பிராணிகளின் உயிரைக் குடிக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? அதன் குடல் அப்படிப்பட்டது. புல்லையும் நாரையும் செரிக்க வைப்பது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை. வயிறு, குடல் எல்லாவற்றிலும் உள்ள தீனியில் பாதிக்கு மேல் அந்த ஒரே பையில்தான் இருக்கும். அங்கே வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. குடல் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க ஓயாமல் நார் உள்ளே வரவேண்டும். தீனி நின்றால் குடல் ஓட்டம் மந்தமாகும். உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வலி கூடும். வலி கூடினால் இன்னும் சாப்பிடாது. பட்டினி கிடக்கிற உடம்பு கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்ப, ஈரலும் கெடும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது.

இதில் இன்னொரு கெடுதல், அது நோயை மறைக்கும். காட்டில் வேட்டையாடப்படும் இனத்தின் வழிவந்தது. நலிந்ததாகக் காட்டிக்கொண்டால் பருந்து தூக்கிப் போகும் என்ற பயம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வீட்டில் வளர்த்தும் அந்தக் குணம் மாறவில்லை. எனவே நம் கண்ணுக்கே சோர்வு தெரிகிறது என்றால் நோய் ஏற்கெனவே முற்றியிருக்கிறது என்று பொருள்.

கண்ணை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள். சமையலறையில் மாவு நிறுக்கிற டிஜிட்டல் தராசு போதும். வாரம் ஒருமுறை, உடம்பு சரியில்லாத நாட்களில் தினமும் ஒரே நேரத்தில், ஒரு டப்பாவில் உட்கார வைத்து நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்த கினி பிக் பொதுவாக 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். 1 கிலோ இருந்தது சில நாட்களில் 900 ஆகிவிட்டால் அது மருத்துவமனைக்குப் போகவேண்டிய கணக்கு. கூண்டைக் கூட்டும்போது புழுக்கையையும் பாருங்கள். சிறுத்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? தாடை, கழுத்து எச்சிலில் நனைந்திருக்கிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா? தீனியிடம் ஓடி வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிடுகிறதா? கடைசியாகச் சொன்னதைக் கண்டு "பசி இருக்கிறது, பரவாயில்லை" என்று பலர் தேறிக்கொள்கிறார்கள். பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. பெரும்பாலும் அது பல் நோய்.

கினி பிக்குக்கு மொத்தம் 20 பற்கள். இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் நம் கண்ணுக்குத் தெரியும், கடைவாய்ப் பற்கள் தெரியாது. புல்லை அரைத்து அரைத்துத் தேயாவிட்டால் கீழ்க் கடைவாய்ப் பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து, நாக்கின் மேல் பாலம் போட்டதுபோல் அதை அழுத்திவிடும். பிறகு விழுங்கவே முடியாது. வீட்டில் நகவெட்டியால் முன்பல்லை நறுக்குகிற வேலையே வேண்டாம். பல் பிளந்துபோகும், உள்ளே உள்ள கோளாறும் தீராது. கருவி வைத்து வாய்க்குள் பார்க்கத் தெரிந்த மருத்துவர்தான் வேண்டும்.

இப்போது சொல்லப்போவதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது வாங்கி மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக் சிரப்பில் இரண்டு சொட்டு கொடுத்துப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றும். கொடுத்துவிடாதீர்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் வகை எல்லாமே கினி பிக்குக்கு விஷம். கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசினும் அப்படியே. அந்தக் குடல் பையில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை இவை அழித்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்கிற கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். மருந்து கொடுத்த சில நாட்களில் பேதி வந்து, அல்லது பேதிகூட வராமல் செத்துப்போகும். வீட்டார் பழைய நோய்தான் கொன்றது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1940 மே 25 அன்று ஆக்ஸ்போர்டில் விஞ்ஞானி ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு, பெனிசிலின் நோயைக் குணப்படுத்துமா என்று முதன்முதலாகச் சோதித்தது 8 எலிகளில். மருந்து பெற்றவை பிழைத்தன, உலகமே மாறியது. 1943-லேயே கினி பிக்குக்குப் பெனிசிலின் நஞ்சு என்று எழுதிவிட்டார்கள். எலியை விட்டு கினி பிக்கை எடுத்திருந்தால் அந்த மருந்தின் வரலாறே வேறாகப் போயிருக்கலாம். 80 ஆண்டுக்கு முன்பே தெரிந்த உண்மை, இன்றும் செல்லப்பிராணி விற்கிற இடத்தில் ஒருவரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாடு, ஆடு, நாய் என்று பார்த்துப் பழகிய மருத்துவராக இருந்தால், சீட்டு எழுதும்போது "டாக்டர், இது கினி பிக்குக்கு வாயில கொடுக்கலாம்ங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. முயல், பறவை போன்றவற்றைப் பார்க்கும் மருத்துவர் ஊரில் யார் என்று நோய் வரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்து மருத்துவருக்குப் பழக்கமில்லை என்றால் அங்கே போகலாம்.

பசி போவதற்கு இன்னொரு பெரிய காரணம் வைட்டமின் சி. மனிதனைப் போலவே கினி பிக்குக்கும் அதை உடம்பில் தயாரிக்கத் தெரியாது. நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் 1907-ல் வெறும் தானியம் கொடுத்து வளர்த்த கினி பிக்குகளுக்கு, இந்தச் சத்துக் குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டுதான் அந்த நோயின் மர்மம் அவிழத் தொடங்கியது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். நோய்ப்பட்டால் அதற்கும் மேலே, மருத்துவர் சொல்லும் அளவு. குறைந்தால் மூட்டு வீங்கும், தூக்கினால் வலியில் கத்தும், ஈறில் ரத்தம் கசியும், தீனி இறங்காது. முயல் தீனி வாங்கிப் போடுகிறவர்கள் கவனிக்கவேண்டும். முயல் இந்தச் சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் அதன் தீனியில் இதைச் சேர்ப்பதில்லை. கினி பிக் தீனியிலும் மாதக்கணக்கில் திறந்து வைத்தால் சத்து போய்விடும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதும் வீண். சீக்கிரம் அழிந்துவிடும், சுவை பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதும் குறையும். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லி, மெல்லிய கொய்யாக் கீற்று ஆகியவற்றைத் தினம் கொடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. 27, 28 டிகிரிக்கு மேல் போனாலே கினி பிக்குக்குத் திணறல். சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் கூண்டை வைத்தால் பசி போவது மட்டுமல்ல, உயிரே போகும். நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்கினால் நிழலுக்குக் கொண்டுவந்து, காதையும் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். சினையாக இருக்கும் பெண், கடைசி இரண்டு வாரத்தில் சாப்பிடாமல் போனால் அது மற்ற எல்லாவற்றையும் விட அவசரம். சில மணி நேரத்திலேயே கைவிட்டுப் போகும்.

மருத்துவரைப் பார்க்கும்வரையும் பார்த்த பிறகும் கையால் ஊட்டவேண்டியிருக்கும். அதற்கு முன் வயிற்றைத் தடவிப் பாருங்கள். மத்தளம்போல் விறைத்து உப்பியிருந்தால் எதையும் ஊட்டாதீர்கள், நேரே மருத்துவமனைதான். காதும் கால்களும் சில்லிட்டுத் துவண்டு கிடந்தாலும் ஊட்டக்கூடாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, கூடையோடு தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இந்த இரண்டும் இல்லை என்றால் கினி பிக் தீனிக் குச்சிகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, மிக்சியில் அரைத்து, டீ வடிகட்டியில் வடித்துக் கூழாக்குங்கள். நோயாளிப் பிராணிகளுக்கென்று விற்கும் நார்ச்சத்து மாவு கிடைத்தால் இன்னும் நல்லது. பால், தயிர், சாதக் கஞ்சி, பிஸ்கட், குழந்தை உணவு எதுவும் கூடாது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும். பிராணியைத் துண்டில் சுற்றி, இயல்பாக உட்காரும் நிலையிலேயே மடியில் வையுங்கள். மல்லாத்திப் பிடித்தால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் உள்ள இடைவெளியில் நுனியை வைத்து அரை மில்லி தள்ளுங்கள். மென்று விழுங்கட்டும், பிறகு அடுத்தது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி வரை, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பிரித்துக் கொடுக்கவேண்டும். இரவிலும் எழுந்துதான் ஆகவேண்டும். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

ஊட்டிவிட்டால் நோய் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். பல்லா, சளியா, மூத்திரப் பையில் கல்லா என்று காரணத்தை மருத்துவர் கண்டுபிடிக்கவேண்டும். வலிக்கு மருந்து கொடுக்கவேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சீர்செய்ய நாள் குறித்தால், நாய்க்குச் சொல்வதுபோல் முதல் நாள் இரவிலிருந்து பட்டினி போடச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். கினி பிக்குக்கு நீண்ட பட்டினியே நோய். எத்தனை மணி வரை தீனி வைக்கலாம் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் ஒரு கொத்தமல்லி இலையைக் கொறித்ததும் சிரிஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் பலர். அவசரப்படாதீர்கள். கீரையை மெல்வது எளிது, புல்லை மெல்வது கடினம். தானாகப் புல்லைத் தின்று, புழுக்கை பழைய அளவுக்கு வந்து, தராசில் எடை சரியாமல் நிற்கும்வரை ஊட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்கவேண்டும். குறைக்கும் நாட்களிலும் காலையில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கினால் அன்றே மறுபடி ஊட்டத் தொடங்கி, மருத்துவரிடம் சொல்லுங்கள்.