உடம்புக்குள் ஒரு துரோகி!

சோற்றை வாயில் போட்டு நன்றாக மெல்லுங்கள். சிறிது நேரத்தில் இனிக்கும். சர்க்கரை போட்டது யார்?

யாரும் இல்லை! உமிழ்நீரில் "என்சைம்" என்ற பொருள் இருக்கிறது. அது சோற்றில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது.

நம் உடம்பில் இப்படி ஆயிரக்கணக்கான என்சைம்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. இந்த வேலைக்காரர்களில் ஒருவன் கெட்டுப்போனால் புற்று நோய்க்கே துணை போகிறான்!

ஒரே ஒரு மணி

அவன் பெயர் "ஐ.டி.எச்.1". 414 மணிகள் கோத்த மாலை போன்ற என்சைம் இது. இதில் 132-வது மணி மட்டும் மாறினால் போதும், ஆபத்துதான்!

2008-ம் ஆண்டில், மூளைக் கட்டிகள் சிலவற்றில் இந்த மாற்றம் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். 2009-ம் ஆண்டில் இன்னோர் உண்மை தெரிந்தது. மாறிப்போன என்சைம் ஒரு கெட்ட பொருளைத் தயாரிக்கிறது!

செல் என்பது பிறந்து, முதிர்ந்து, தன் வேலையைச் செய்ய வேண்டும். கெட்ட பொருள் அதை முதிர விடுவதில்லை. முதிராத செல்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அதுவே கட்டி.

இந்த மாற்றம் பெற்றோரிடம் இருந்து வந்தது அல்ல. கட்டியின் செல்லில் பிறகு ஏற்பட்டது.

தடுக்கும் மாத்திரை

கெட்ட என்சைமை அடக்க "வோராசிடெனிப்" என்ற மாத்திரை வந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்த 331 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். மெதுவாக வளரும் மூளைக் கட்டி உள்ளவர்கள் இவர்கள்.

வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குச் சுமார் 11 மாதத்தில் நோய் முற்றியது. மருந்து சாப்பிட்டவர்களுக்கோ, அந்த நிலை வரச் சுமார் 28 மாதம் ஆயிற்று!

2024 ஆகஸ்டு மாதம் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது.

இது நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து அல்ல. எல்லா மூளைக் கட்டிக்கும் உதவாது. கட்டியைச் சோதித்து, என்சைம் மாறியிருந்தால்தான் கொடுப்பார்கள். கல்லீரலையும் பாதிக்கலாம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவை.

ஆனாலும், இந்த நோய் பெரும்பாலும் 30, 40 வயதில் வருகிறது. பிள்ளைகளை வளர்க்கும் வயது அது. அந்தக் குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் பெரிய வரவு அல்லவா?