படத்துக்கு மை தீட்டும் மென்பொருள்

கண்ணுக்கு மை தீட்டினால் கண் பெரிதாகிவிடுவதில்லை. வெள்ளை விழிக்கும் இமைக்கும் நடுவே ஒரு கருங்கோடு விழுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் பத்தடி தள்ளி நிற்பவருக்குக்கூட அந்தக் கண் பளிச்சென்று தெரிகிறது. டிஜிட்டல் படங்களைத் தெளிவாக்கும் பிளகின் மென்பொருள்கள் செய்வது கிட்டத்தட்ட இந்த மை தீட்டும் வேலைதான்.

போன டிசம்பரில் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நின்று பள்ளத்தாக்கைப் படம் எடுத்தேன். நேரில் மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், படம் முழுக்க நீர்மோர் ஊற்றிக் கழுவியது போல இருந்தது. கேமரா மேல் பழி போட முடியாது. நம் கண் மேகத்தைப் பார்க்கும்போது ஒரு மாதிரியும், அடிவாரத்து மரத்தைப் பார்க்கும்போது வேறு மாதிரியும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவோ மொத்தக் காட்சிக்கும் ஒரே அளவில் ஒளியை வாங்குகிறது. போதாக்குறைக்கு, காற்றிலுள்ள பனித்துளிகள் ஒளியைச் சிதறடித்து நிழல்களை வெளுக்க வைக்கின்றன. டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச எண் உண்டு: 0 என்றால் கருப்பு, 255 என்றால் வெள்ளை. 0 முதல் 255 வரை விரிந்திருக்க வேண்டிய அந்த எண்கள், என் படத்தில் நடுவில் ஒடுங்கிக் கிடந்தன.

இதற்கு முதலில் எல்லாரும் கைவைப்பது 'கான்ட்ராஸ்ட்' என்ற இழுக்கும் பட்டையில். அது இருட்டை மேலும் இருட்டாக்கும், வெளிச்சத்தை மேலும் வெளிச்சமாக்கும். படம் முழுவதற்கும் ஒரே சட்டம். கொஞ்சம் இழுத்தால் நன்றாக இருக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் மேகம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், மரங்கள் கரிக்கட்டையாகிவிடும். நமக்கு வேண்டியது மலைக்கும் வானத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமில்லை. ஒரு பாறைக்கும் அதற்குப் பக்கத்துப் பாறைக்கும் இடையிலான வித்தியாசமும் வேண்டும். அதாவது அக்கம்பக்கத்துக் கான்ட்ராஸ்ட்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை எட்டுப் புள்ளிகளை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு சாம்பல் நிறப் பாறையும் அதைவிடச் சற்று வெளிர்ந்த பாறையும் ஒட்டி நிற்கின்றன. வெளிச்ச எண்கள் இப்படி: 100, 100, 100, 100, 120, 120, 120, 120. முதலில் மென்பொருள் இந்தப் படத்தின் நகல் ஒன்றை எடுத்து மங்கலாக்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் அண்டைப் புள்ளிகளோடு கலந்து, நகலில் எண்கள் 100, 102, 104, 108, 112, 116, 118, 120 என்று சரிவாகின்றன. அடுத்து மூலத்திலிருந்து நகலைக் கழிக்கிறது. 0, -2, -4, -8, +8, +4, +2, 0 என்று மிச்சம் வருகிறது. அந்த மிச்சத்தில் பாதியை மூலத்தோடு கூட்டினால் கிடைப்பது: 100, 99, 98, 96, 124, 122, 121, 120.

ஓரங்களைப் பாருங்கள். இந்தக் கோடியில் அதே 100, அந்தக் கோடியில் அதே 120. பாறைகளின் நிறம் மாறவில்லை. ஆனால் எல்லையில் 20 ஆக இருந்த வித்தியாசம் 28 ஆகிவிட்டது. கருப்புப் பக்கத்தில் கொஞ்சம் மை, வெள்ளைப் பக்கத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு. நம் கண் எல்லைகளை வைத்தே உருவங்களைப் பிரித்துப் பழகியது. எல்லையில் வித்தியாசத்தைத் தானாகவே கூட்டிக் காட்டும் இந்தக் குணத்தை ஆஸ்திரிய அறிவியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் விவரித்தார். கண் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த தில்லுமுல்லுக்கு மென்பொருள் கைகொடுக்கிறது.

இந்தக் கணக்கில் முக்கியமானது நகலை எவ்வளவு தூரத்துக்கு மங்கலாக்குகிறோம் என்பது. ஒன்றிரண்டு புள்ளி தூரம் என்றால் கண்ணிமை மயிர், புல்நுனி போன்றவை கூர்மையாகும். அதற்கு 'ஷார்ப்பனிங்' என்று பெயர். ஐம்பது புள்ளி தூரம் என்றால் பாறையின் திரட்சி, மேகத்தின் சுருள் எழும்பி வரும்; அதுதான் 'கிளாரிட்டி'. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் இந்தப் பெயரோடு ஒரு பட்டை 2007-இல் வந்தது.

இந்த உத்தி கணினிக்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். இருட்டறைக் காலத்திலேயே நெகட்டிவிலிருந்து மங்கலான ஒரு பாசிட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிரிண்ட் போடுவார்கள். 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற விசித்திரமான பெயர் அங்கிருந்து வந்ததுதான். மங்கலானது மாஸ்க், படமல்ல. ஆஸ்திரேலியாவில் வான்படங்கள் எடுத்துவந்த டேவிட் மாலின், 1970-களின் பிற்பகுதியில் தொலைநோக்கியின் கண்ணாடித் தகடுகளில் இதே முறையைப் பயன்படுத்தி, விண்மீன் கூட்டங்களின் பிரகாசத்தில் அமிழ்ந்து போயிருந்த மெல்லிய விவரங்களை வெளிக்கொண்டு வந்தார். தகட்டில் பதியாத எதையும் அவர் சேர்க்கவில்லை. பதிந்தும் கண்ணுக்குப் படாததைப் படவைத்தார்.

சரி, பிளகின் என்றால் என்ன? மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்கு ஒரு ஜார், மாவுக்கு ஒரு ஜார். 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் ஆரம்பத்திலிருந்தே மற்றவர்கள் எழுதும் ஜார்களை மாட்ட இடம் கொடுத்தது. படத்தின் புள்ளிகளை அது பிளகினிடம் கொடுக்கும். பிளகின் தன் வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்கும்.

இந்த ஜார்களில் பேர்போனது நிக் மென்பொருள் தொகுப்பு. அதன் கதையே ஒரு சந்தைக் கதை. ஒரு காலத்தில் 500 டாலர் விலை. 2012-இல் கூகுள் அதைத் தயாரித்த நிக் நிறுவனத்தை வாங்கியது. கூகுளின் கண் நிக்கின் ஸ்னாப்சீட் என்ற போன் செயலி மேல் இருந்தது என்றுதான் அப்போது எல்லாரும் பேசிக்கொண்டார்கள். தொகுப்பின் விலை 149 டாலராகி, 2016-இல் இலவசமே ஆனது. மறு வருடம் பிரான்சின் டிஎக்ஸ்ஓ நிறுவனம் அதை வாங்கியது; பிறகு மறுபடி காசு.

இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடித்தது 'கன்ட்ரோல் பாயின்ட்'. முகத்தில் ஒரு புள்ளி வைத்து வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் அதே நிறமும் வெளிச்சமும் உள்ள இடங்களை மட்டும் அதுவே பொறுக்கிக்கொள்ளும். மலைக்குத் தெளிவைக் கூட்டிவிட்டு, முன்னால் நிற்கும் பாட்டியின் முகத்தை அப்படியே விட்டுவிடலாம். இது பெரிய உபகாரம். ஏனென்றால் கிளாரிட்டிக்குப் பாறை மடிப்பும் முகச்சுருக்கமும் ஒன்றுதான். கல்யாணப் படக்காரர்கள் பலர் முகங்களுக்கு இந்தப் பட்டையைப் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளுவது இதனால்தான்.

காசு போட மனமில்லாதவர்களுக்கு ஜிமிக் இருக்கிறது. பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கான் நகரின் ஆய்வுக்கூடம் ஒன்றில் 2008-இலிருந்து வளர்ந்துவரும் இலவச மென்பொருள் அது. ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் மாட்டிக்கொள்ளலாம். வடிகட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன; தேடிக் கண்டுபிடிப்பதற்குள் காபி ஆறிவிடும்.

இனி குறைகள். மேலே போட்ட கணக்கில் பாதிக்குப் பதில் மிச்சத்தின் இரு மடங்கைக் கூட்டியிருந்தால், எல்லையில் 84-ம் 136-ம் நின்றிருக்கும். மலையின் விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை, சாமி படத்தின் ஒளிவட்டம் மாதிரி. இதைத் தவிர்க்க, தன் நிறத்துக்கு ஒட்டாத அண்டைப் புள்ளிகளைச் சேர்க்காமல் மங்கலாக்கும் முறைகள் வந்தன. 1998-இல் தொமாசியும் மாண்டுச்சியும் முன்வைத்த 'பைலேட்டரல் ஃபில்ட்டர்' அவற்றில் ஒன்று. ஒளிவட்டம் குறைந்தது, ஒழியவில்லை. இரவுப் படங்களின் பொட்டுப் பொட்டான இரைச்சலும் தெளிவோடு சேர்ந்து எழும்பும் என்பதால், இரைச்சலை முதலில் குறைத்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். இன்னொன்று: ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. நிறைய இழுக்க வேண்டிய படம் என்றால் ராவில் எடுத்து வையுங்கள்.

கை அசைந்து குலுங்கிய படத்தை இந்த உத்தி காப்பாற்றாது. அதை அழித்துவிடலாம்.

உங்கள் போனில் ஸ்னாப்சீட் இருந்தால் மலையோ கோபுரமோ உள்ள பழைய படம் ஒன்றின் நகலைத் திறந்து, விவரங்கள் பகுதியில் 'ஸ்ட்ரக்சர்' என்ற பட்டையை 100 வரை இழுத்துப் பாருங்கள். விளிம்பையும் வானத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு மெல்லப் பின்னுக்கு வாருங்கள். என் கொடைக்கானல் படம் 22-இல் நின்றது.