தூண்டிலும் கடற்பறவையும்

பசறை மலைச்சாரலில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கெட்டாத் தொலைவில் உள்ளது. ஆயினும் நம் அடுக்களைக்குக் கடல் வராத வாரமில்லை. சூரைக் கருவாடு வேகும் மணம் எழாத லயம் ஏது? அந்தச் சூரையைப் பிடிக்கும் முறை ஒன்றினால், எவரும் விரும்பாமலே மடிகின்ற கடற்பறவைகளைப் பற்றியும், அவற்றைக் காக்கும் வழி பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

பெருங்கப்பல்கள் சூரை பிடிக்க நெடுங்கயிற்றுத் தூண்டிலைக் கையாளுகின்றன. தாய்க்கயிறு ஒன்று; அதனின்று தொங்கும் கிளைக்கயிறுகள் பல; ஒவ்வொன்றின் நுனியிலும் இரை கோத்த கொளுக்கி. தாய்க்கயிறு 100 கிலோமீற்றர் வரை நீள்வதுண்டு; கொளுக்கிகளோ ஆயிரக்கணக்கில் இருக்கும். கப்பலின் பின்புறத்திலிருந்து கயிற்றை விடும்போது இரை உடனே ஆழத்துக்குச் செல்வதில்லை. சிறிது நேரம் நீர்மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றது. அச்சிறு நேரமே பறவைக்குக் காலனாகின்றது. கப்பலைத் தொடர்ந்துவரும் பறவை பாய்ந்து இரையைக் கௌவ, கொளுக்கி மாட்டிக்கொள்கின்றது. கயிறு கீழிறங்கும்போது பறவையும் இழுபட்டு நீரில் மூழ்கி இறக்கின்றது.

உலகெங்கும் இவ்வாறு ஆண்டுதோறும் குறைந்தது 160,000 கடற்பறவைகள் மடிவதாக 2011 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. இவற்றுள் பெரிதும் இரங்கத்தக்கது தென்சமுத்திரத்து அல்பட்ரோஸ். அவ்வினத்துள் மிகப் பெரியது மூன்று மீற்றருக்கு மேல் சிறகு விரிப்பது. ஈராண்டுக்கு ஒரு முட்டையே இடுவது. ஆணும் பெண்ணும் மாறிமாறி இரை தேடி வந்தே குஞ்சினை வளர்க்கின்றன. ஒன்று திரும்பாவிடின் குஞ்சும் பிழைப்பதரிது. இத்தகைய இனம் இழந்த தொகையை எங்ஙனம் விரைவில் ஈடுசெய்யும்?

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ், அல்பட்ரோஸ் ஒன்றை அம்பெய்து கொன்ற மாலுமியின் துயரக் கதையை 1798 இல் வெளியிட்டார். அம்மாலுமி வேண்டுமென்றே கொன்றான். இக்கால மீனவரோ அவ்வாறல்லர். பறவை கவரும் ஒவ்வோர் இரையும் அவருக்கு ஒரு மீனின் இழப்பே. ஆகவே பறவையின் நலமும் மீனவரின் நலமும் இங்கு ஒன்றே.

பரிகாரம் யாது? நம் லயத்துத் தோட்டத்தில் கீரைப் பாத்தியின் மேல் கயிறு கட்டி, காற்றில் படபடக்கும் நாடாக்களைத் தொங்கவிட்டுக் குருவிகளை ஓட்டுகின்றோம் அல்லவா? அதே உபாயத்தை ஜப்பானிய மீனவர் கடலில் கண்டறிந்தனர். கப்பலின் பின்புறம் உயரமான கம்பத்திலிருந்து நாடாக்கள் தொங்கும் கயிறொன்றை இழுத்துச் செல்ல, பறவைகள் அஞ்சி இரையை அணுகுவதில்லை. இரண்டாவது வழி, பறவைகள் குறைவாக இரைதேடும் இரவில் தூண்டில் விடுதல். மூன்றாவது, கிளைக்கயிற்றில் பாரம் சேர்த்து இரையை விரைந்து மூழ்கச் செய்தல்.

இலங்கையும் உறுப்புரிமை பெற்ற இந்து சமுத்திர சூரைமீன் ஆணைக்குழு, 2012 இல் இதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. தென் அகலக்கோடு 25 பாகைக்குத் தெற்கே நெடுங்கயிறு விடும் கப்பல்கள் இம்மூன்றனுள் இரண்டையேனும் கைக்கொள்ள வேண்டும் என்பதே அது. 2014 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

இவை வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதற்கு ஆபிரிக்காவின் நமீபியா சான்று. அங்கு 2015 இல் விதிகள் கட்டாயமாக்கப்பட்டபின், கடலடி மீன்களை நெடுங்கயிற்றால் பிடிக்கும் கப்பல்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர் கண்டனர். வால்விஸ் பே துறைமுகத்துப் பெண்கள் குழுவொன்று அந்நாடாக் கயிறுகளைச் செய்து விற்று வருமானமும் பெற்றது.

இதனை வகுப்பில் எடுத்துரைத்தபோது மாணவனொருவன், "ஐயா, அப்படியாயின் நாம் மீன் உண்பது தவறா?" என வினவினான். "தவறன்று, தம்பி, கயிற்றுக்கு நாடா கட்ட மறப்பதே தவறு" என்றேன். பெரும் பொருட்செலவு வேண்டாத ஒரு கயிறும், சிறிது பாரமும், இருளின் துணையும் ஓரினத்தை அழிவினின்று காக்குமாயின், அதனைச் செய்யாது விடுவதற்கு நாம் கூறத்தக்க சமாதானம் யாது? சிந்திப்போமாக.